திரைக்கு அந்தப் பக்கம் ஒரு காளான் அறை

எங்கள் வித்துக்கூடத்துக்குப் புதுப் பெட்டி ஒன்று வந்திருக்கிறதாம். காளான் அறைச் சுவரில் மாட்டிவிட்டால் காற்றில் ஈரம் எவ்வளவு என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஈரம் குறைந்தால் பனிபோல நீரைத் தூவும், போதுமென்றால் தானே நிறுத்திக்கொள்ளும். வீட்டில் படுத்தபடி கைபேசியில் எல்லாவற்றையும் பார்க்கலாம். அங்கே இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். சும்மா அனுப்பவில்லை, கூடவே ஒரு வேலையும் வைத்தார்கள். "அண்ணே, பெட்டி இல்லாத காலத்துல நீங்க எப்பிடிச் சமாளிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க. பயிற்சிக்கு வர்றவுகளுக்கு வாசிச்சுக் காட்டுவோம்."

நல்ல பெட்டிதான். எனக்கு அதன்மேல் கோபதாபம் ஒன்றும் இல்லை. நான் வீடு வீடாக அலைந்த வெயிலுக்கு அப்போதே வந்திருந்தால் என் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிச்சம் இருந்திருக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தால் பெட்டியும் முறையும் நினைவுக்கு வரவில்லை. ஒரு குரல்தான் வருகிறது. தெற்குவாசல் பக்கம் ஒரு பழைய வீட்டில், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசிய குரல்.

ஓய்வு பெற்ற பிறகு மதியம் சாப்பிட்டதும் படுத்துவிடுகிறேன். எங்கள் வீடு கீழக்குயில்குடியில். ஜன்னலுக்கு நேரே மலை. வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பாறையைப் பார்த்தபடியே கண் சொருகும். அரைத்தூக்கத்தில் அந்தப் பாறைமேல் மெல்ல மெல்ல வெள்ளை படரும், இழை இழையாக ஓடும், மலை முழுக்க மூடும். காளான் இழை படர்ந்த பையைப் பார்த்ததுபோல "நல்லா ஓடியிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேனாம். என் மனைவி அடுப்படியிலிருந்து சிரிப்பாள். "மலையையும் பாலித்தீன் பையில கட்டித் தொங்கவிடுங்க, சும்மா ஏன் கெடக்கு?"

வித்துக்கூடம் என்றால் காளானுக்கான விதையைத் தயார்செய்து கொடுக்கும் இடம். திருமங்கலம் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஓடு போட்ட கட்டடம். நான் அங்கே வைக்கோல் வெட்டப் போனவன். எங்கள் அப்பா மற்றவர்களின் வயலில் வைக்கோல் போர் போட்டவர், நான் அதே வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கினேன். நறுக்கிய கை பிறகு வேகவைத்தது, பிறகு பை கட்டியது. அதற்கும் பிறகு, பயிற்சி முடித்துப் போனவர்களின் வீடுகளுக்குப் போய் என்ன கோளாறு என்று பார்த்துவரும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

எங்கள் கூடத்தை நடத்தியவர் ஒரு அம்மையார். எல்லோருக்கும் அவர் மேடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, ஆனால் அவர் கை கழுவுவதைப் பார்த்தாலே பயம் வரும். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் என்று ஒன்றையும் விடாமல் தேய்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்தபடி ஈரம் தானாகக் காயும்வரை நிற்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. பேசினால் பதில் வராது, திரும்ப முதலிலிருந்து கழுவ ஆரம்பித்துவிடுவார்.

மதுரையில் வேலைக்கு வருகிற பெண்கள் தலையில் பூ இல்லாமல் வருவார்களா? வித்துப் போடும் அறையின் வாசலில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார் மேடம். உள்ளே போகுமுன் சரத்தைக் கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத் தலையில் துணி கட்டிக்கொண்டு போகவேண்டும். கதவுக்கு வெளியே மல்லிகை மணக்கும், கதவைத் தாண்டினால் ஸ்பிரிட் நாற்றம். அந்தக் கதவருகே நின்றால் எனக்கு இரண்டு ஊருக்கு நடுவே நிற்பதுபோல இருக்கும்.

கெட்டுப்போன பையைப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று மேடம் சொல்லமாட்டார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்துவிட்டு, "வேற ஆள் குடிவந்தாச்சு" என்பார். அவர் கணக்கில், வேகவைத்த வைக்கோல் ஒரு காலி வீடு. நம் காளான் அதில் குடியேறுவதற்கு முன்னால் யார் நுழைந்தாலும் வீடு அவர்களுக்குத்தான். பச்சைப் பூசணம் வந்தால் காற்றிலோ கையிலோ சுத்தமில்லை. குச்சிக் குச்சியாகக் கறுப்புக் குடை முளைத்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை. மஞ்சளாகிப் புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம். இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. ஆரஞ்சு நிறத்தில் மாவுபோலப் பொங்கி வந்தால் மட்டும் மேடமே ஓர் அடி பின்னால் போவார். ஊதினால் பறக்கும், ஒரு பையில் வந்தால் அடுத்த நாள் அறை முழுக்க வந்துவிடும்.

பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது பிழிந்து பார்ப்பது. நறுக்கி, ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்த வைக்கோலை எடுத்து விரித்து உலர்த்த வேண்டும். முழுக்கக் காயக்கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். சொட்டினால் உள்ளே அழுகும். கை நனையாவிட்டால் வித்து பட்டினி கிடக்கும். இந்த நடுவாந்திரம் பிடிபட அநேகம் பேருக்கு நாளாகும். ஒரே ஒரு ஆளுக்குத்தான் முதல் பிடியிலேயே வந்தது. அவர் பெயர் இப்ராஹிம். தெற்குவாசலில் ரொட்டிக்கடை வைத்திருந்தார்.

"இது மாவுதாண்ணே" என்று சிரித்தார். "பன்னுக்கு மாவு பெசையும்போது இம்புட்டுத் தண்ணி போதும்னு கையே சொல்லிரும். கேக்கத் தெரியணும், அம்புட்டுத்தான்."

பாக்கெட் ரொட்டி வந்தபிறகு கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைக் காளானுக்கு ஒதுக்கப்போகிறேன் என்றார். கலகலப்பான ஆள். காளான் அறையில் ஈரம் போதுமா என்று பார்க்க நாங்கள் பொரித்த அப்பளத்தை உள்ளே வைத்து, எவ்வளவு சீக்கிரம் நமுத்துப்போகிறது என்று பார்ப்போம், மேடத்துக்குத் தெரியாமல்தான். இதைக் கேள்விப்பட்ட இப்ராஹிம் மறுநாள் கடையிலிருந்து ரஸ்க் கொண்டுவந்து அறைக்குள் வைத்துவிட்டார். மேடம் பார்த்துவிட்டார். அவரைப் பார்த்தல்ல, ரஸ்க்கைப் பார்த்தே பேசினார். "ரொட்டிக்குன்னே ஒரு பூசணம் இருக்கு. அது வந்தா நாம எல்லாரும் வேற தொழில் பார்க்கலாம். வெளியே." ரஸ்க்கும் இப்ராஹிமும் சேர்ந்தே வெளியே போனார்கள். வாசலில் நின்று அவர் அதைச் சாப்பிட்டு முடித்ததும், குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர முடிந்தது.

பயிற்சி முடிந்து போனவரிடமிருந்து கொஞ்ச காலம் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள் கூடத்துக்குப் போன் வந்தது. வயதான பெண் குரல். இப்ராஹிமின் தாயார் ஜைத்தூன் பீவி. "எம் மகன் மௌத்தாயிட்டான் தம்பி. நெஞ்சு வலின்னு உக்காந்தான், எந்திரிக்கல. அவன் கட்டிவச்ச காளான் ரூம் அப்படியே கெடக்கு. மருமக செய்யுறேங்கிறா. முத ஈடு போட்டா. ஏதோ வந்திருக்கு, காளான் இல்ல. நீங்க வந்து பாக்கணும்."

கையில் பட்டன் போன் மட்டுமே இருந்த காலம். படம் அனுப்பு என்று சொல்ல வழியில்லை. மறுநாள் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

முன்னால் பூட்டிய ரொட்டிக்கடை, பக்கவாட்டில் நடை, நடை முடிகிற இடத்தில் பச்சைத் திரை. ஜைத்தூன் பீவி ஒரு நாற்காலி போட்டார். உட்கார்ந்ததும்தான் விஷயம் புரிந்தது. மருமகள் ரஹ்மத் இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் அந்த வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பார்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். காளான் அறை திரைக்கு அந்தப் பக்கம். நான் திரைக்கு இந்தப் பக்கம்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ காளான் குடில்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்க்காமல் ஒரு காளான் அறைக்கு வைத்தியம் சொல்லவேண்டி வந்தது அங்கேதான். நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதுபோல எனக்கு ஒரு தயக்கம். ரஹ்மத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை.

"அண்ணே, நீங்க கேளுங்க. நான் பாத்துப் பாத்துச் சொல்லுறேன்" என்றது குரல். தாழ்ந்த குரல். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சின்ன இடைவெளி விடும், உண்மையாகவே போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி.

ஜைத்தூன் பீவி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பையின் ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஆரஞ்சு மாவு பொங்கி நின்றது. அவர் நடந்த நடையில் சிமெண்டுத் தரையில் ஒரு கோடுபோலச் சிந்தியிருந்தது.

"ஆட்டாதீங்கம்மா! அப்படியே கீழ வைங்க. ஈரச்சாக்கு ஒண்ணு குடுங்க."

ஈரச்சாக்கால் மூடி, அதன்மேல் பாலித்தீன் சுற்றி, மற்ற பைகளையும் அறைக்குள்ளேயே அப்படி மூடி எடுத்துவரச் சொன்னேன். தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கவே கூடாது, பெருக்கினால் பறக்கும். அறைச்சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் பிளீச்சிங் பவுடர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மூட்டைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தேன். கூடத்துக்குத் திரும்பினால் மேடம் வாசலிலேயே நிறுத்திவிட்டார். என் சட்டைக் கையில் ஒரு துளி ஆரஞ்சு. "போய்க் குளிச்சிட்டு நாளைக்கு வாங்க" என்றார். அன்று அரைநாள் வேலை எனக்கு மிச்சம்.

அன்று அந்த வீட்டிலிருந்து நான் கிளம்புமுன் ஜைத்தூன் பீவி வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னது மனத்தில் நின்றுவிட்டது. ரஹ்மத்தின் அண்ணன் ஷாஜகான் திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இத்தா முடிந்ததும் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்திருந்தார். ஜைத்தூன் பீவி தன் மகள் வீட்டுக்குப் போகவேண்டும், இந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டும். ரஹ்மத் அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை வாங்கியிருந்தார். இத்தா முடிவதற்குள் காளான் வந்துவிட்டால், மாமியாரும் மருமகளும் இங்கேயே இருந்து பிழைத்துக்கொள்ளலாம்.

"அவர் கெட்டவர் இல்ல தம்பி. தங்கச்சி மேல உசுரு. ரெண்டு பொம்பளைக தனியா எப்பிடி இருப்பீகன்னு கேக்குறாரு. நியாயந்தானே?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வரலைன்னா, ஒங்க கூடத்துலருந்து நாலு காளானக் கொண்டாந்து அந்தப் பையில சொருகி வச்சிர முடியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹார்டுவேர் கடைக்காரரும்மா. பிளாஸ்டிக் பூவையே கண்டுபிடிச்சிருவாரு" என்றேன். அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது ஈடு போட்டார்கள். மறுபடி ஆரஞ்சு.

இந்தமுறை நான் கேள்விகளை ஆரம்பத்திலிருந்து கேட்டேன். வைக்கோல் எங்கே வைத்திருக்கிறீர்கள், எதில் ஊறவைக்கிறீர்கள், கொதி வந்தபிறகு எவ்வளவு நேரம் வேகவைக்கிறீர்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. மேடம் ரஸ்க்கைப் பார்த்துச் சொன்ன ரொட்டிப் பூசணம் இந்த ஆரஞ்சுதான். வீட்டில் ரொட்டி, ரஸ்க் ஏதாவது இருக்கிறதா என்றேன். கடை பூட்டியதிலிருந்து வீட்டுக்குள் ரொட்டியே வரவில்லை, தட்டுகளையெல்லாம் அப்போதே பழைய சாமான்காரருக்குப் போட்டாயிற்று என்றார்கள். வேகவைத்து உலர்த்திய வைக்கோலில் ஒரு பிடி கொண்டுவரச் சொல்லிப் பிழிந்தேன். சொட்டியது.

"ஈரம் சாஸ்தியா இருக்கே. எங்க ஒலத்துறீங்க?"

"முத்தத்துலதான்ணே. அவுக இருந்தா மாடிக்குக் கொண்டுபோயிருப்பாக. நான் மாடிக்குப் போகக்கூடாதுல்ல, சுத்தி எல்லா வீட்டுலயும் மாடி இருக்கு. மாமிக்கு முட்டி வலி, ஏற முடியாது."

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. அந்த முற்றத்தில் முன்பு நாளெல்லாம் வெயில் அடித்திருக்கும். சுற்றிலும் மாடிமேல் மாடி எழும்பிய பிறகு உச்சிவேளையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்துவிட்டுப் போய்விடும். தரையில் விரித்த வைக்கோலின் மேல்பக்கம் காய்ந்தால் அடிப்பக்கம் ஊறிக்கொண்டே இருக்கும். நைலான் பட்டைக் கட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கட்டிலைப் பிளீச்சிங் தண்ணீரில் துடைத்து, அதன்மேல் வைக்கோலைப் பரப்பினால் அடியிலும் காற்று போகும், தண்ணீரும் வடியும் என்றேன். ஈரத்துக்கு வழி கிடைத்துவிட்டது. ஆரஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கிடைக்கவில்லை.

"தரையில எதுமேல விரிச்சீங்க?"

வழக்கமான இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமான இடைவெளி.

"துணிமேல."

"என்ன துணி?"

"சுத்தமான துணிதான்ணே."

ஜைத்தூன் பீவி சட்டென்று எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் குளித்து, சட்டை மாற்றி, மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முடித்து, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, அதிசயமாக, ஈரம் காயுமுன்பே பேசினார்.

"ரொட்டி போயிருச்சு. சரி. ரொட்டி பட்ட ஏதோ ஒண்ணு போகல."

"தட்டெல்லாம் போட்டுட்டாங்க மேடம்."

"மாவைப் புளிக்க வைக்கும்போது எதை வச்சு மூடுவாங்க?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மேடம் மேலும் சொன்னார். இந்த ஆரஞ்சுப் பூசணத்தின் விதை காய்ந்த துணியில் நெடுங்காலம் சும்மா படுத்திருக்கும். நல்ல கொதியில் செத்துவிடும். அதற்குக் குறைந்த சூடு பட்டால் சாகாது, விழித்துக்கொள்ளும். "வெந்த வைக்கோலைச் சூட்டோட அந்தத் துணிமேல கொட்டுறாங்க. அவங்களே எழுப்பிவிடுறாங்க." எடுத்துப் போகச் சொல்லிப் புது வித்துப் பாக்கெட்டுகளை அவரே எண்ணாமல் என் பையில் அள்ளிப் போட்டார். மேடம் எண்ணாமல் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை போனபோது திரைக்கு முன்னால் உட்கார்ந்து நேரடியாகவே கேட்டேன். "ரஹ்மத், அந்தத் துணி மாவு மூடுற துணியாம்மா?"

உள்ளே காளான் அறையில் ஈரத்துக்காகத் தொங்கவிட்ட சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ஜைத்தூன் பீவி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே" என்றது குரல், கடைசியில். "காடாத்துணி. மாவ மூடிட்டு, வேலை முடிஞ்சதும் அவுக அதையே தோள்ல போட்டுக்கிட்டு வருவாக. மௌத்தான அன்னைக்கும் தோள்ல கெடந்துச்சு. தொவைக்கல. அவுக ஆரம்பிச்ச வேலை, அவுக துணிமேலயே நடக்கட்டும்னு விரிச்சேன்."

விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். பூசணம் துணியில்தான் இருக்கிறது. சோடா உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்து அவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை ஈடு போட்டாலும் இதேதான்.

"அவிச்சா அவுக வாசம் போயிருமேண்ணே."

இத்தனை வருடத்தில் வைக்கோலை எரிக்கச் சொல்லியிருக்கிறேன், குடிலைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை ஒருவர் கல்யாணப் பந்தலையே இடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணியை அவிக்கச் சொல்ல மட்டும் நான் யார் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, திரை இருந்தது.

"வேணாம்னா ஒண்ணு செய்யலாம்மா. பாலித்தீன் கவர்ல போட்டு, வாயை உருக்கி ஒட்டி, ட்ரங்குப் பெட்டியில வச்சிருங்க. திறக்காம இருந்தாப் போதும். காளானுக்கு ஒண்ணும் ஆகாது."

தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"தெறக்கவே கூடாதுன்னா, அது எதுக்குண்ணே எங்கிட்ட?" என்றார் ரஹ்மத். பிறகு, "மாமி, அடுப்பப் பத்தவைங்க" என்றார்.

கடையின் பின்பக்கம் சர்க்கரைப் பாகு காய்ச்சுகிற பெரிய விறகடுப்பு ஒன்று இருந்தது. மகன் போனபிறகு அதைப் பற்றவைத்ததே இல்லையாம். ஜைத்தூன் பீவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பற்றவைத்தார். தண்ணீர் அண்டா அடுப்பில் ஏறியதும் திரையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் வெளியே வந்தது, வளையல் இல்லாத கை, மடித்த துணியோடு. மாமியார் வாங்கப் போனார். கை கொடுக்கவில்லை. "நானே போடுறேன் மாமி" என்றது குரல். நான் எழுந்து தெருப்பக்கம் போய் நின்றுகொண்டேன். உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம், அதற்குமேல் இரண்டு பெண்கள் அழுகிற சத்தம். புகை நடை வழியாக வந்து தெருவில் கலந்தது. ரொட்டிக்கடை திறந்துவிட்டார்களா என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்துக் கேட்டார். இல்லை, துணி அவிக்கிறார்கள் என்றேன்.

மூன்றாவது ஈட்டுக்குப் பிறகு ரஹ்மத் நாள்தோறும் போன் செய்வார். நான் வைக்கோலின் நடுவில் நின்றுகொண்டு காதில் போனை இடுக்கியபடி கேட்பேன். அந்த நாட்கள் இப்போதும் கனவுபோலத்தான் இருக்கின்றன. நான் பார்க்காத அறையை அந்தக் குரல் எனக்குள் கட்டிக்கொடுத்தது.

"சாக்கு சொட்டுதா?"

"சொட்டலண்ணே. தொட்டா கை நனையுது."

"தரை மணல்?"

"காலை வச்சா கால் பதியுது, தண்ணி நிக்கல."

"பையில நிறம்?"

இடைவெளி. "வெள்ளண்ணே. மேல கொஞ்சம், கீழ கொஞ்சம். நேத்து விட்டு விட்டு இருந்துச்சு, இன்னைக்கு ஒண்ணோட ஒண்ணு சேந்திருச்சு."

"வேற நிறம்?"

"இல்ல. தினமும் பாக்குறேன். பயந்துகிட்டேதான் பாக்குறேன்."

ஒருநாள் நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார். "அண்ணே, இருட்டுல உள்ள போயி உக்காந்தா மழை வர்றதுக்கு முந்தி ஒரு வாசம் வருமே, அந்த வாசம் வருது. வெளிய போக முடியாத எனக்கு மழை உள்ளேயே வந்த மாதிரி இருக்கு." மேடத்திடம் அதை அப்படியே சொன்னேன். "அதுதான் சரியான வாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது மூக்கை உறிஞ்சினார். ஸ்பிரிட்டாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

அதன்பிறகு ஒரு தடவை மட்டும் பயமுறுத்தினார். மொட்டு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மொட்டின்மேலேயே தண்ணீர் அடித்துவிட்டாராம், இரண்டு கொத்து மஞ்சளாகிச் சுருங்கிவிட்டது. மொட்டுமேல் அடிக்கக்கூடாது, சாக்குமேலும் தரைமேலும்தான் அடிக்க வேண்டும், காற்றுதான் அதற்கு ஊட்டும் என்றேன். மீதிக் கொத்துகள் தப்பிவிட்டன.

இத்தா முடிந்த மறுநாள் ஷாஜகான் வேனோடு வருவதாக ஜைத்தூன் பீவி சொல்லியிருந்தார். என்னையும் வரச்சொன்னார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பாரு" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போனேன்.

திரையைக் கழற்றியிருந்தார்கள். அந்த வீட்டின் உள்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தேன். முற்றம் நான் நினைத்ததைவிடச் சிறியது. ரஹ்மத்தையும் அன்றுதான் பார்த்தேன். தலையில் முக்காடு, ஒல்லியான உருவம், முழங்கைவரை ஈரம். குரலைக் கேட்டு நடுவயதைத் தாண்டிய ஒரு முகத்தை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். இவர் சின்னப் பெண்.

ஷாஜகான் காளான் அறை வாசலில் நின்றார். நானும் பின்னால் போனேன். உள்ளே மங்கிய வெளிச்சம். உறிபோல வரிசையாகத் தொங்கிய பைகளின் ஓட்டை ஓட்டையாகச் சிப்பிக்காளான்கள் வெள்ளைக் காதுகளை நீட்டி நின்றன. ஈரச்சாக்குகளின் நடுவே ஒரு குளிர் அசையாமல் நின்றது. வெளியே மதுரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது என்பதே மறந்துவிட்டது. ஷாஜகான் விரலை நீட்டித் தொடப்போய், தொடாமல் இழுத்துக்கொண்டார். நான் தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் தேவைப்படவில்லை, எனக்கு ஞாபகமும் இல்லை.

அவர் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். சந்தோஷப்பட்டாரா, சங்கடப்பட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் தங்கையிடம். "நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா உன்னைய இங்க விட்டுட்டுப் போயி நான் எப்பிடிம்மா நிம்மதியாத் தூங்குவேன்? வண்டி நிக்குது. வந்துரேன்."

ஜைத்தூன் பீவி சுவரில் சாய்ந்து நின்றார். மருமகளைத் தடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவர் நினைத்தது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

ரஹ்மத் அண்ணனைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தார். அது அந்தப் பாய் அகல வெளிச்சத்தைத் தாண்டிச் சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது.

"உச்சி தாண்டிருச்சுண்ணே. சாக்கெல்லாம் காஞ்சிருக்கும். தண்ணி அடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

நாங்கள் மூவரும் வெளியே இருந்தோம். உள்ளேயிருந்து ஸ்பிரேயரின் சத்தம் வந்தது. புஸ்... புஸ்... ஒரு சாக்கு, அடுத்த சாக்கு, பிறகு தரை. அவசரமே இல்லாத சத்தம். அது ஓர் ஓரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அறையின் மறு ஓரத்துக்குப் போவதை மூன்று பேரும் காதால் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஷாஜகான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேன் டிரைவர் தெருவில் ஹாரன் அடித்தார். இரண்டாம் முறையும் அடித்தார்.

ஷாஜகான் எழுந்து நடை வழியாகப் போனார். "வண்டியத் திருப்பிக்கப்பா, நான் மட்டும் பஸ்ஸுல வந்துக்கிறேன்" என்று அவர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. ஸ்பிரேயர் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அடிக்க ஆரம்பித்தது.